சேலத்தில் யாருக்கும் ‘சேலம்’ என்று பெயர் கிடையாது

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே குரல்தான். கோட்டை மாரியம்மனோ, குகையோ, அம்மாபேட்டையோ, செவ்வாய்ப்பேட்டையோ, எந்தக் கோயிலானாலும் சரி, வேப்பிலைத் தோரணத்துக்கு மேலே கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பால்காரருக்கு முன்பே எல்.ஆர்.ஈஸ்வரி வந்துவிடுவார். அந்தப் பெயரை இன்று நாம் சொல்கிற அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்தவர் சேலம் மாவட்டத்துக்காரர். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அதே தெருமுனையில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸைப் பாருங்கள்.

‘மாபெரும் இன்னிசைக் கச்சேரி’ என்ற எழுத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு பெயர். பெயருக்கு முன்னால் ஒரு ஒட்டு. ‘பேடு’, ‘கீபோர்டு’, ‘பேஸ்’, ‘தபேலா’, ‘குட்டி’, ‘ஜூனியர்’ என்று விதவிதமாக இருக்கும். ஒருவருக்கு மட்டும் ‘கோவை’ என்று போட்டிருந்தால் அவர் வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்டவர் என்று அர்த்தம். ‘சேலம்’ என்று ஒருவருக்கும் இருக்காது. இதே குழு அடுத்த வாரம் கரூர்ப் பக்கம் போனால், அங்கே அடிக்கும் நோட்டீஸில் அத்தனை பேர் தலையிலும் ஒரு ‘சேலம்’ ஏறி உட்காரும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காட்டுக்கு ஏறினாலே போதும். கொண்டை ஊசி வளைவு இருபதும் தாண்டியதும் நாங்கள் ‘சேலத்துக் குழு’ ஆகிவிடுவோம்.

நாங்கள் என்று சொல்கிறேன். ஆறேழு வருஷம் இந்த ஊர் ஆர்கெஸ்ட்ராக்களில் அனவுன்சராக நின்றவன் நான். பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது. மைக்கைப் பிடித்துப் பெயர் சொல்லுவேன். பெயர் சொல்லியே பிழைத்தவன் என்பதால் இசைக்காரர்களின் பெயர் எங்கிருந்து முளைக்கிறது என்று கவனிக்கிற பழக்கம் வந்தது. முதலில் கண்ணில் பட்டது இதுதான்: இசைக்காரன் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அபூர்வம். அவனைக் கூப்பிட வேண்டிய அவசரத்தில் இருப்பவர்கள்தான் வைக்கிறார்கள். எங்கே நின்று கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். ஊருக்குள் நின்று கூப்பிடுகிறவனுக்கு ஊர்ப்பெயர் தேவைப்படாது.

கர்நாடக இசைக்காரர்களின் ஊர்ப்பெயர்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும். பட்டணம் சுப்பிரமணிய ஐயர் சென்னைக்காரர் இல்லை, திருவையாற்றுக்காரர். சில காலம் சென்னையில் இருந்துவிட்டுத் திரும்பினார். பட்டணத்திலிருந்து வந்தவர் என்று திருவையாற்றில் நின்று கூப்பிட்டால்தான் அந்தப் பெயருக்குப் பொருள் வரும். மிருதங்கத்தில் பாலக்காடு ரகு என்று பெயரெடுத்தவர் பிறந்தது பர்மாவின் ரங்கூனில். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது திருமருகலில். வைத்த பெயரும் ராஜரத்தினம் இல்லை, பாலசுப்பிரமணியம். திருவாவடுதுறை மடத்து நாயனக்காரரான மாமா நடேச பிள்ளையிடம் வளர்ந்தார், அந்த மடத்து வித்வானாகவும் ஆனார். ஆக, பெயரில் இருக்கும் ஊர் பிறந்த ஊராக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. சோறு போட்ட ஊர், பேர் வாங்கிய ஊர், வந்து இறங்கிய ஊர் என எதுவாகவும் இருக்கலாம்.

கோயமுத்தூர் தாயி என்றொரு பாடகி இருந்தார். 1872-ல் பிறந்து 1917-ல் மறைந்தவர். இயற்பெயர் பழனிக்குஞ்சரம். பெயருக்குள்ளேயே ஒரு ஊரை வைத்துக்கொண்டு பிறந்தவருக்கு வேறொரு ஊர்ப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில் இசைத்தட்டில் பாடியவர்களில் எங்கள் ஊர்ப்பெயரோடு ஒருவர் இருக்கிறார்: சேலம் கோதாவரி. ஆற்றின் பெயரும் ஊரின் பெயரும் சேர்ந்து சந்தமாக விழுகிற பெயர். பிற்காலத்தில் பாடகியாகவும் தமிழிசை ஆய்வாளராகவும் அறியப்பட்ட சேலம் எஸ்.ஜெயலட்சுமி உண்டு. இந்த இரண்டு ‘சேலம்’களும் சேலத்துக்கு வெளியே இருந்தவர்களின் வசதிக்காகப் பிறந்தவைதான்.

கிராமபோன் தட்டு இந்தப் பழக்கத்தை இறுக்கிக் கட்டியது என்று சொல்ல வேண்டும். 1902-ல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் தட்டின் முடிவில் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பெருமைக்காக இல்லை. பதிவு செய்த மெழுகு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாக அச்சாகும். அங்கே இருந்தவனுக்கு எந்தப் பாட்டு யாருடையது என்று தெரிய வேறு வழியில்லை. அந்தக் கௌஹர் ஜானுக்கும் பிறப்பில் வைத்த பெயர் ஏஞ்சலினா. கச்சேரிக்கு நேரில் போனால் பாடுகிறவர் முகம் தெரியும், யார் வீட்டுப் பெண் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லுவார். தட்டுக்கு முகம் கிடையாது. லேபிளின் சின்ன வட்டத்துக்குள் வேறு எவரோடும் குழம்பாத பெயராக இருக்க வேண்டும். அந்த வேலையை இரண்டே சொல்லில் முடிக்க ஊர்ப்பெயரைவிடத் தோதானது எது?

இங்கே எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. அரியக்குடி, செம்மங்குடி, செம்பை, லால்குடி, உமையாள்புரம் என்று ஊரை மட்டும் சொன்னாலே ஆள் வந்து நிற்கிறார். “செம்மங்குடி பாடின கரகரப்ரியா” என்றால் எந்த ஊர்க்காரர் பாடினார் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் இடவாகுபெயர் நடத்துகிற ஆசிரியர்கள் கபடிப் போட்டியில் தமிழ்நாடு வென்றது என்று உதாரணம் சொல்வார்கள். அதைவிட நல்ல உதாரணம் சபா கேன்டீனில் தினமும் காதில் விழும். ஆனால் “சேலம் பாடிச்சு” என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏன்?

சேலம் பெரிய ஊர். காரணம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். சின்ன ஊரை ஒரே ஆள் சொந்தமாக்கிக்கொள்ளலாம். அரியக்குடி என்றால் வெளியூர்க்காரனுக்கு அந்த ஊரைப் பற்றி வேறு என்ன தெரியும்? பாட்டுக்காரர்தான் தெரியும். மதுரையை யாராலும் அப்படி வளைத்துப்போட முடியாது. மணி ஐயர் இருக்கிறார், சோமு இருக்கிறார். முதலெழுத்துக்குள் மதுரையை வைத்துக்கொண்டு எம்.எஸ். இருக்கிறார். போதாததற்கு மீனாட்சியும் இருக்கிறாள். பாலக்காட்டிலும் மணி, ரகு, கே.வி.நாராயணசுவாமி என்று கூட்டம். சேலம் என்றால் மாம்பழம், இரும்பாலை, வெள்ளிக் கொலுசு என்று ஆயிரம் நினைவு வரும். ஒரு பாட்டுக்காரர் அத்தனையையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்பது லேசில்லை.

இதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. ராசிபுரத்தைத் தாண்டினால் நாமகிரிப்பேட்டை. நாமக்கல் மாவட்டம் 1997-ல் பிரியும் வரை அது சேலம் மாவட்டம். மஞ்சள் வியாபாரிகளுக்கு அது மஞ்சள் ஊர். மற்றத் தமிழர்களுக்கு அது ஒரே ஒரு நாயனம். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் என்ற பெயரில் ‘கிருஷ்ணன்’ என்பது வால் மாதிரி. வானொலியின் காலை மங்கள இசையைக் கேட்டு வளர்ந்த என் அப்பா தலைமுறை “நாமகிரிப்பேட்டை வாசிக்கிறார்” என்றுதான் சொன்னது. அவர் தன்னைச் ‘சேலம் கிருஷ்ணன்’ என்று போட்டுக்கொண்டிருந்தால் எத்தனையோ கிருஷ்ணன்களில் ஒருவராகக் கரைந்திருப்பார். மாவட்டத் தலைநகரின் பெயர் கௌரவம் என்று நினைத்துப் பெரிய ஊரை ஒட்டிக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரியும் இப்படி ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறது. ஜாவளி என்கிற காதல் பாட்டுகளால் புகழ்பெற்ற தருமபுரி சுப்பராயரின் பாட்டுகள் வீணை தனம்மாள் வீட்டில் செல்லமாக வளர்ந்தவை.

தனம்மாளுக்கு ஊர் ஒட்டவில்லை, வீணை ஒட்டியது. கருவி முன்னால் வருவது இன்னொரு பெரிய வகை. வீணை பாலச்சந்தர், மாண்டலின் ஸ்ரீநிவாஸ் போல. ஒரு கருவியோடு ஒருவரை ஒட்டுவதற்கு அந்தக் கருவியில் அவர் தனி ஆளாக நிற்க வேண்டும், அல்லது அந்தக் கருவியே அந்த மேடைக்குப் புதிதாக இருக்க வேண்டும். பையனாக இருந்தபோதே மாண்டலினைக் கர்நாடகக் கச்சேரிக்குக் கொண்டுவந்த ஸ்ரீநிவாஸுக்கு அது பொருந்தியது. எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் இதற்கு வேறு காரணம். ஒரே குழுவில் மூன்று செந்தில் இருப்பார்கள். முருகன் கோயில் நிறைந்த வட்டாரத்தில் வேறென்ன நடக்கும்? அதனால் ‘பேடு’, ‘பேஸ்’, ‘கீபோர்டு’. வேன் கிளம்பும்போது மேனேஜர் செந்தில் என்ற பெயரையே விட்டுவிட்டு, “பேடு ஏறியாச்சா? பேஸ் எங்கப்பா, டீக்கடையிலா?” என்று கத்துவார். நன்னூல் கணக்கில் இது எந்த ஆகுபெயரில் சேரும் என்று தமிழாசிரியர்கள் தீர்ப்பு சொல்லட்டும்.

முதலெழுத்துகள் தனி உலகம். டி.ஆர்.மகாலிங்கம் என்று இரண்டு பேர், ஒரே காலத்தில் இருந்தார்கள். ஒருவர் நடித்துக்கொண்டே பாடியவர், சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரர். இன்னொருவர் புல்லாங்குழல் மேதை, திருவிடைமருதூர்க்காரர். பெயர் ஒன்று, முதலெழுத்து ஒன்று, இரண்டு பேருமே சின்ன வயதில் மேடையேறியவர்கள். ரசிகர்கள் என்ன செய்வார்கள்? குழல்காரரை மாலி ஆக்கினார்கள். இன்றும் ‘ஃப்ளூட் மாலி’ என்றால்தான் ஆள் தெரியும். ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். தென்கரையிலும் டி இல்லை, திருவிடைமருதூரிலும் டி இல்லை. இரண்டும் ஆங்கில எழுத்தின் வழியே போய்ச் சுற்றிக்கொண்டு தமிழுக்குள் ‘டி’யாகத் திரும்பி வந்தவை. திருவில் தொடங்கும் ஊர் நம் நாட்டில் எத்தனை! அத்தனையும் ஒரே ‘டி’க்குள் அடைக்கலம்.

முதலெழுத்துக்குள் ஊர் ஒளிந்திருப்பது சாதாரணம். ஒளிந்திருப்பது அம்மாவாக இருக்கும்போதுதான் கவனிக்க வேண்டும். மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி, மதராஸ் லலிதாங்கி வசந்தகுமாரி. இரண்டிலும் இரண்டாவது எழுத்து தாயின் பெயர். சண்முகவடிவு வீணைக் கலைஞர், லலிதாங்கி பாடகி. பாட்டு தாய்வழியில் கைமாறிய வீடுகளில் பெயரும் தாய்வழியில் வந்தது. டி.கே.பட்டம்மாளுக்கு அது தந்தை வழி: தாமல் கிருஷ்ணசுவாமி. அவருக்கு வைத்த பெயரோ அலமேலு. பட்டா என்று வீட்டில் செல்லமாகக் கூப்பிட்டது நிலைத்துவிட்டது. மூன்று பெண்கள் கர்நாடக இசையில் கோலோச்சினார்கள் என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். அவர்களுடைய முதலெழுத்துகள் எந்த வீட்டில் எந்த வழியாகச் சொத்து இறங்கியது என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சில முதலெழுத்துகளைப் பிரித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். பி.பி.ஸ்ரீநிவாஸின் இரண்டு எழுத்துகள் ‘பிரதிவாதி பயங்கரம்’. வாதத்தில் எதிரியை நடுங்கவைத்த வைணவ ஆசாரியர் ஒருவருக்குப் பழைய காலத்தில் கிடைத்த பட்டம், குடும்பப் பெயராகி இறங்கி வந்தது. கடைசியில், தூங்குகிற குழந்தையைக்கூட எழுப்பாத குரலுக்குப் போய்ச் சேர்ந்தது. டி.எம்.சௌந்தரராஜனின் ‘டி’ ஊர் என்று பலர் நினைப்பார்கள். அது தொகுளுவ என்ற சௌராஷ்டிர வீட்டுப் பெயர். சேலத்துச் சௌராஷ்டிரர்களுக்கு இதைச் சொன்னால் அதில் என்ன அதிசயம் என்பார்கள். வீட்டுப் பெயர் இல்லாமல் அவர்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சேறாது.

இனி செல்லப்பெயர். இங்கேதான் எங்கள் ஊர் சினிமாவுக்குள் நுழைய வேண்டும். ஏற்காடு சாலையில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. ஸ்டூடியோ போய்விட்டது, வளைவு மட்டும் மிச்சம். 1935-ல் அதைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரத்தின் ‘டி’ திருச்செங்கோடு. அங்கே உருவாகி 1950-ல் வந்த மந்திரிகுமாரிக்காக ஜி.ராமநாதன் இசையில் ‘வாராய் நீ வாராய்’ பாடிய இரண்டு பேரின் பெயரைப் பாருங்கள். ஒருவர் திருச்சி லோகநாதன், இன்னொருவர் ஜிக்கி. ஒரே தட்டில் இரண்டு மரபு. அவர் பெயரில் ஊர் இருக்கிறது, குலதெய்வம் போல முன்னால் நிற்கிறது. இவர் பெயரில் ஊருமில்லை, தகப்பனுமில்லை, பொருளுமில்லை. பி.ஜி.கிருஷ்ணவேணி என்ற முழுப்பெயர் இருந்தும், மூன்று எழுத்துச் சத்தம் போதும் என்று தட்டில் ஏறியது. குழந்தையாகவே பாட வந்தவர்களுக்கு இப்படி நடக்கும். ரெக்கார்டிங் அறையில் குழந்தையை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். குழந்தை வளர்ந்துவிடும், பெயர் வளராது.

எனக்கும் இதில் ஒரு பாவக்கணக்கு உண்டு. எங்கள் குழுவில் ஒரே பெயரில் இரண்டு பாடகிகள். பின்னால் சேர்ந்த பெண்ணுக்கு அப்போது பதினேழு பதினெட்டு வயது இருக்கும். மேச்சேரிப் பக்கம் ஒரு கோயில் கச்சேரியில், யோசிக்க நேரமில்லாமல் ‘ஜூனியர்’ என்று முன்னால் போட்டு அறிவித்துவிட்டேன். கூட்டம் கைதட்டியது. அடுத்த நோட்டீஸில் அப்படியே அச்சடித்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். சீனியர் பாடுவதை நிறுத்தியும் பல வருஷம் ஆகிறது. ஃப்ளெக்ஸில் மட்டும் இன்னும் ஜூனியர். எங்காவது பார்த்தால், “அண்ணா, நீங்க வெச்சுட்டுப் போன பேரு, எடுக்கவும் முடியல, விடவும் முடியல” என்பார். எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். எடுத்தால் புக்கிங்காரர்கள் வேறு யாரோ என்று நினைத்துக்கொள்வார்களாம்.

தமிழில் பட்டம் என்று ஒன்று, பட்டப்பெயர் என்று ஒன்று. முன்னதை மாலை போட்டு மேடையில் கொடுப்பார்கள். பின்னதை முதுகுக்குப் பின்னால் கொடுப்பார்கள். இசையில் இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார் என்று ஒரு பெரிய வித்வானுக்குப் பெயர். அரியக்குடியின் குரு அவர். டைகர் வரதாச்சாரியார் என்று இன்னொருவர். பாப்பா வெங்கடராமையா என்று வயலின்காரர். வயதான வித்வானைப் பாப்பா என்று சபாவே கூப்பிட்டது, யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. இந்த மாதிரிப் பெயர்களுக்கெல்லாம் காரணக் கதைகள் உலவும். ஒன்றுக்கு மூன்று கதை இருந்தால் நான் மூன்றையும் நம்புவதில்லை. பெயர் முதலில் ஒட்டிக்கொள்ளும், காரணத்தை ஆற அமரப் பிறகு தைப்பார்கள்.

மேலிருந்து வந்த பட்டத்துக்கு மகா வைத்தியநாத ஐயர் நல்ல உதாரணம். சிறுவனாக இருந்தபோது கல்லிடைக்குறிச்சியில் திருவாவடுதுறை மடத்துச் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில் கிடைத்த ‘மகா’ அது. வாழ்நாள் முழுக்க முதலெழுத்து போலக் கூடவே வந்தது. ஆதீனம் கொடுத்த இடத்தில் பிறகு சபா வந்தது, அரசாங்கம் வந்தது, அரசியல் மேடை வந்தது. இன்று ஊருக்குப் பத்துப் பேர் பெயருக்கு முன்னால் கலைமாமணி இருக்கிறது. அதைச் சொல்லி யாரையும் கூப்பிட முடியாது. ‘கலைமாமணி ஏறியாச்சா’ என்று கேட்டால் வேனில் நாலு பேர் கை தூக்குவார்கள். ‘இசைஞானி’ என்றால் ஒருவர்தான். பட்டம் பெயராக மாறியதா இல்லையா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான்: பெயரைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் ஆள் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ராகம் பெயரான கதையும் உண்டு. தோடி சீதாராமையா, பேகடா சுப்பிரமணிய ஐயர். சீதாராமையா கடனுக்குத் தோடியையே அடகு வைத்தார், ராஜா மீட்டுக் கொடுத்தார் என்று தஞ்சாவூர்க் கதை ஒன்று உண்டு. அடகு வைக்கிற அளவுக்கு ஒரு ராகம் ஒருவருக்குச் சொந்தம் என்று ஊர் ஒத்துக்கொண்டதே, அதுதான் கதையின் சாரம். இது புதிய பழக்கமும் இல்லை. சங்கப் புலவர்களில் செம்புலப்பெயல்நீரார் என்றும், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் பெயர்கள் உண்டு. சொந்தப் பெயர் தொலைந்துபோய், பாடிய அடியில் இருந்த ஒரு சொற்றொடரே பெயராக எஞ்சியவர்கள். ஒரே ஒரு பாட்டால் தெரிந்த பாடகரை அந்தப் பாட்டின் முதல் வரியைச் சொல்லி அடையாளம் காட்டுகிறோமே, அதே கணக்கு.

கடைசியில் தேவைப்படுவது காலி இடம். ஒரு பெயர் ஏற்கெனவே ஒருவர் கையில் இருந்தால் அடுத்தவருக்கு இடமில்லை. 1912-ல் பிறந்த இரண்டு மணி ஐயர்கள் ஊரை வைத்துப் பிரிந்துகொண்டார்கள். ஒருவர் மதுரை, ஒருவர் பாலக்காடு. ஒருவருக்கு வாய்ப்பாட்டு, ஒருவருக்கு மிருதங்கம். சினிமாவில் அப்படி ஊரை வைத்துப் பிரிவது வழக்கொழிந்து வந்தது. பண்ணைப்புரத்திலிருந்து வந்த ராசையாவைத் தன்ராஜ் மாஸ்டர் ராஜா ஆக்கியிருந்தார். 1976-ல் படம் கொடுத்த பஞ்சு அருணாசலத்துக்கு ஒரு சிக்கல், ஏ.எம்.ராஜா இருக்கிறாரே. அதனால் முன்னால் ஒரு ‘இளைய’. இந்த ஏ.எம்.ராஜா வேறு யாருமில்லை, நம் ஜிக்கியின் கணவர். ஊர்க்காரன் கண்ணுக்கு, ‘வாராய் நீ வாராய்’ பாடிய வீட்டின் நிழல் இளையராஜாவின் பெயரில் விழுந்திருப்பதாகத் தெரிகிறது.

ஆடி மாதக் குரலுக்கு வருகிறேன். லூர்துமேரி என்ற பெயரோடு பிறந்தவரை வீட்டில் ராஜேஸ்வரி என்றும் கூப்பிட்டார்கள். பாட வந்தபோது எம்.எஸ்.ராஜேஸ்வரி ஏற்கெனவே புகழோடு பாடிக்கொண்டிருந்தார். பெயரைப் பிளந்து, ஒரு பாதியை முதலெழுத்துக்குள் சுருட்டி, மறுபாதியை வெளியே நிறுத்தி எல்.ஆர்.ஈஸ்வரி ஆக்கியவர் ஏ.பி.நாகராஜன். அந்த நாகராஜனின் ‘ஏ’, சங்ககிரிப் பக்கத்து அக்கமாபேட்டை. ‘பி’ தகப்பனார் பரமசிவம். பின்னாளில் சிவனையும் முருகனையும் திரையில் பேசவைத்தவர், லூர்து மாதாவின் பெயரை ஒரு எழுத்துக்குள் பத்திரமாக வைத்துவிட்டு ஈஸ்வரியை முன்னால் நிறுத்தினார். அவர் மாரியம்மன் பாட்டை மனதில் வைத்தெல்லாம் செய்திருக்க மாட்டார். காலி இடம் தேடினார், அவ்வளவுதான். ஆனால் கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் கூழ் வாங்க நிற்கும்போது அந்தப் பெயரையும் அந்தக் குரலையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கும்.

சகோதரர்கள் விஷயத்தை ஒரு வரியில் தாண்டுகிறேன். ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்கள் இல்லை. சேர்ந்து பாடினார்கள், உலகம் அண்ணன் தம்பி ஆக்கிவிட்டது.

சாதிப்பெயர் உதிர்ந்ததும் ஊர்ப்பெயருக்கு வேலை கூடியது. அரியக்குடிக்கு அடுத்து ராமானுஜ ஐயங்கார் என்று முழு ரயில்பெட்டி வரிசை இருந்தது. லால்குடிக்கு அடுத்து ஜெயராமன், அவ்வளவுதான். பாகவதர் மட்டும் விதிவிலக்கு. அது சாதி இல்லை, பாடுகிற தொழிலுக்குக் கிடைத்த மரியாதை. அதனால்தான் தியாகராஜ பாகவதரை எம்.கே.டி. என்றும் சொல்லலாம், வெறுமே பாகவதர் என்றும் சொல்லலாம். இப்போது பாட வருகிற பிள்ளைகள் ஊரையும் போடுவதில்லை. செல்போனில் தேடினால் தான் மட்டும் வர வேண்டும் என்று எழுத்தை இரட்டித்து, இலக்கத்தைச் சேர்த்துத் தாங்களே பெயர் கட்டிக்கொள்கிறார்கள். கேட்கக் கொஞ்சம் கரகரப்பாக இருந்தாலும் காரணம் பழையதுதான். ஹனோவரில் தட்டு அச்சடித்தவனுக்கு வந்த அதே குழப்பம் இப்போது தேடுபொறிக்கு.

எனக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் ‘அடுத்ததாக’ என்று ஆரம்பிப்பேன். மாற்றிச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன், மைக்கைப் பிடித்ததும் அதுதான் வரும். குழுவில் யாரும் என் பெயரைச் சொன்னதாக நினைவில்லை. போன ஆடியில் செவ்வாய்ப்பேட்டையில் சாமி ஊர்வலத்துக்கு வழிவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். பம்பைச் சத்தம், வாணவேடிக்கை, பக்கத்தில் பேசுவதுகூடக் காதில் விழவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், “அடுத்ததாக அண்ணே! ஏனுங்க, அடுத்ததாக!” சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பேடு செந்தில், கையில் கூழ்ச் சொம்போடு.